நடு எட்டில் தொலைந்த பின்னேரங்கள்

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தன. நானும் என் மனைவியை அனுப்பினேன். அவளுக்கு அப்போது நாலு மாதம். எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை. யுத்தகாலத்தில் லீவு கேட்டால் மேலே நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள். ஆகவே நான் தனியே இருந்தேன். கந்தோர் விட்டு வந்தால் பாணும் சம்பலும், பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பது. அவ்வளவுதான் என் பின்னேரம்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் கொட்டாஞ்சேனைத் தமிழன், கத்தோலிக்கன். ஒரு நடன இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தான். அவனுடைய மனைவி பியானோ. அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பகுதிக் கோயிலில் ஓர்கன் வாசித்தாள். எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், அவன் உட்பட. என்னைவிட நாலைந்து வயது இளையவள் என்றாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒருநாள் அந்த மேசைக் கூட்டாளி கேட்டான்:

"மச்சான், நீ வயலின் வாசிப்பாய்தானே?"

"சின்ன வயசில படிச்சனான். பஜனைக்குப் பின்னால இருந்து வாசிக்கிற அளவுக்குத்தான்."

"போதும். எங்கட பேஸ்காரன் குடும்பத்தோட கண்டிக்குப் போயிட்டான். இனி வரமாட்டானாம். பேஸ் எங்கட வீட்டு மூலையில சும்மா நிக்குது."

டபுள் பேஸ் என்ற வாத்தியத்தை அதற்கு முன் நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. என் உயரத்துக்கு மேலே ஓரடி. தந்திகள் தடித்த குடல் நரம்பு. வயலினை வில்லால் வாசித்தவனுக்கு இதை விரலால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வயலினை நாங்கள் ஸ-ப, ஸ-ப என்று சுருதி சேர்ப்போம், இதில் தந்திக்குத் தந்தி நாலு சுர இடைவெளி. ஆகவே எனக்குத் தெரிந்திருந்த கொஞ்சமும் உதவவில்லை. டீச்சர் விரற்பலகையில் சோக்கட்டியால் கோடு போட்டுத் தந்தாள். முதல் வாரம் வலது கையில் இரண்டு விரலும் கொப்புளித்து, கந்தோரில் பேனை பிடிக்க முடியாமல் இருந்தது.

ஆனாலும் இரண்டு மாதத்தில் ஒருமாதிரி வாசித்தேன். அந்தக் காலத்து நடனப் பாட்டுகள் பல சுலபம். பியானோ மூன்று நாலு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். அந்தக் கூட்டத்துக்குக் கோர்ட் என்று பெயர். அதன் அடிச்சுரத்தை நான் கீழே வாசித்தால் போதும். ஒரு கோர்ட் எட்டு எண்ணிக்கைக்கு நிற்கும். அடுத்தது எங்கே என்று யோசிக்க நேரம் இருந்தது. சனிக்கிழமைகளில் கொள்ளுப்பிட்டியில் சிப்பாய்களுக்கான ஒரு கன்ரீனில் பின்னேரம் ஐந்து மணி நடனத்துக்கு வாசித்தோம். தேத்தண்ணியும் கேக்கும் தருவார்கள். ஏழரைக்கு முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு குண்டுப் பயத்தால் ஊரெங்கும் விளக்கு மறைப்பு.

இதை மனைவிக்கு நான் எழுதவில்லை. எழுதினால் கடிதத்தை மாமனார்தான் முதலில் உடைத்து வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

கஷ்டம் ஒரு விமானப்படைக்காரனோடு வந்தது. இங்கிலாந்துக்காரன், இருபத்திரண்டு வயதிருக்கும், சக்ஸபோன் வாசிப்பான். கன்ரீனில் எங்களைக் கேட்டுவிட்டு, தானும் சேரலாமா என்று கேட்டான். நன்றாக வாசித்தான். எங்கள் எல்லாரையும்விட நன்றாக. இரண்டாவது வாரம் ஒரு பாட்டைக் கொண்டு வந்தான். கோர்ட்களைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதியிருந்தான். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு எண்ணிக்கை ஒரு பார். எட்டு பார் ஒரு துண்டு. முதல் துண்டு, அதுவே திரும்ப ஒருமுறை, பிறகு வேறாக ஒரு நடுத்துண்டு, கடைசியில் மறுபடியும் முதல் துண்டு. பெரும்பாலான பாட்டுகளின் அமைப்பு அதுதான். இந்தப் பாட்டில் அந்த நடு எட்டுத்தான் பொல்லாதது. ஒரு பாரிலேயே இரண்டு கோர்ட். அதுவும் ஓட்டமான வேகத்தில். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. வயலின் படித்தவனுக்கு ஸ என்பது நிலம் மாதிரி. எங்கே போனாலும் அது கீழே இருக்கும். இந்தப் பாட்டின் நடு எட்டில் நுழைந்ததும், அதுவரை காந்தாரமாக இருந்த சுரம் புது ஸ ஆகிவிடும். காது அதற்குப் பழகுமுன் அதுவும் போய், இன்னொன்று ஸ ஆகும். எட்டு பாருக்குள் மூன்று தரம் நிலம் மாறி, கடைசிப் பாரில் ஒரு குட்டிக்கரணம் அடித்துப் பழைய ஸவுக்கு வந்து சேரும். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். நான் வரவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் பயிற்சியின்போது மூன்று தரம் தொலைந்தேன். கூட்டாளி, "பரவாயில்லை மச்சான், மெதுவா வாசி, ஒருத்தருக்கும் விளங்காது" என்றான். அடுத்த சனிக்கிழமை கன்ரீனில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மற்றவர்கள் முதல் துண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் நடு எட்டில் நின்று இடித்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு மூன்று சோடி கால் தடுமாறி நின்றார்கள். ஒரு தாதிப்பெண் மேடையைப் பார்த்துச் சிரித்தாள். விமானப்படைக்காரன் சக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து, திரும்பி, எனக்கும் முதல் வரிசைக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"நீ விட்டுவிடு. பேஸ் இல்லாமலே வாசிக்கிறோம்."

ஆங்கிலத்தில் அது இன்னும் குறைந்த சொற்களில் இருந்தது. நான் பேஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும்வரை சும்மா நின்றேன். ஆறடி வாத்தியத்துக்குப் பின்னால் ஒளிக்கலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. அதன் ஒடுங்கிய கழுத்துக்குப் பக்கத்தில் தலை தெரியும்.

ரயிலில் திரும்பும்போது விட்டுவிடுவதென்றே முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் அந்த எட்டுப் பார்தான் காதுக்குள் ஓடியது. அதுவும் நான் பிழைவிட்ட மாதிரியே ஓடியது. அதைச் சரியாக்காமல் விட்டால் பிழையான வடிவமே ஆயுள் முழுக்க என்னோடு இருக்கும் என்று ஒரு பயம் வந்தது. திங்கட்கிழமை கந்தோரில் கூட்டாளியிடம், "பேஸை நான் கொஞ்சக் காலம் வெள்ளவத்தைக்குக் கொண்டு போறன்" என்றேன்.

கொண்டு போனது ஒரு பெரிய பாடு. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை ஸ்டேசனுக்கு ரிக்‌ஷாவில் பேஸ் இருந்து போனது, நான் பக்கத்தில் நடந்து போனேன். ரயிலில் கார்ட் பெட்டியில் ஏற்றவேண்டியிருந்தது. பழைய படுக்கை விரிப்பால் சுற்றியிருந்ததைக் கார்ட் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"மொகத மே? மினீ பெட்டியக்த?"

பிணப்பெட்டியா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"நே மாத்தயா, லொகு வயலீனயக்" என்றேன். பெரிய வயலின்.

அவர் நம்பவில்லை. விரிப்பை விலக்கித் தந்தியைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வெள்ளவத்தை வரும்வரை இழுத்துக்கொண்டே வந்தார்.

தனியே அறையில் வைத்து வாசித்தபோதுதான் எனக்கு என்ன நடக்கிறது என்று விளங்கியது. நான் ஒவ்வொரு கோர்ட்டின் அடிச்சுரத்துக்கும் பாய்ந்து பாய்ந்து போய்க்கொண்டிருந்தேன். மெதுவான பாட்டில் பாயலாம். இந்த வேகத்தில் பாய்ந்தால் இரண்டாவது பாய்ச்சலில் கை பிந்திவிடும், மூன்றாவதில் எண்ணிக்கையும் போய்விடும். இதை டீச்சரிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை காலையில கோயிலுக்கு வாங்க அண்ணன். பாடகர் குழு வரமுந்தி ஒரு மணித்தியாலம் இருக்கு" என்றாள்.

கோயிலுக்குள் போகும்போது பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். மரப்படி ஏறி ஓர்கன் இருந்த மாடத்துக்குப் போனோம். கைக்கு இரண்டு வரிசைக் கட்டை இருப்பதுபோல் காலுக்கும் கீழே ஒரு வரிசை நீளக் கட்டைகள் இருந்தன. அடிச்சுரங்களை அவள் காலால்தான் வாசித்தாள். இத்தனை காலம் அவளோடு வாசித்தும் எனக்கு அது தெரியாது.

"என்ட கையப் பாக்காதீங்க. காலை மட்டும் பாருங்க" என்றாள்.

ஒரு ஞானப்பாட்டை வாசித்தாள். பிறகு ஒருமுறை கோயில் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த நடு எட்டையே மெதுவாக, தேவ ஆராதனைபோல இழுத்து வாசித்தாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால்கள் எங்கேயும் பாயவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டையாக நடந்துகொண்டிருந்தன.

"விளங்குதா? இந்தக் கால் ஒரு கட்டையில நிக்கக்குள்ளயே மத்தக் கால் அடுத்த இடத்துக்குப் போயிட்டுது. நீங்க இப்ப வந்த கோர்ட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க. அது வந்து முடிஞ்சுது. அடுத்ததைப் பாருங்க."

"அடுத்தது தூரத்தில இருந்தா?"

"தூரத்தில இருந்தாலும், அதுக்கு முந்தின எண்ணிக்கையில அதின்ட வாசல்ல போய் நில்லுங்க. அரைச் சுரம் மேல, இல்லாட்டி அரைச் சுரம் கீழ. வாசல்ல நிக்கிற ஆளுக்கு உள்ள போறது ஒரு வேலையா?"

அந்த அரைச் சுரம் அந்தக் கோர்ட்டுக்குச் சொந்தமில்லாத சுரமாக இருந்தால் கர்ணகடூரமாக இருக்காதா என்று கேட்டேன். "இருக்கும். ஆனா ஒரு எண்ணிக்கைக்குத்தானே. அடுத்த சுரம் வந்து அதை மன்னிச்சுப்போடும்" என்றாள். மூன்று தரம் காட்டினாள். பாடகர் குழு படியேறும் சத்தம் கேட்டதும் ஒரு சேசுநாதர் பாட்டுக்கு மாறிவிட்டாள்.

வீட்டில் நான் நடு எட்டைப் பின்னாலிருந்து படித்தேன். முதலிலிருந்து தொடங்கினால் முதல் இரண்டு பாரும் நன்றாக வரும், கடைசி இரண்டும் ஒருநாளும் வராது. அங்கே போய்ச் சேர்ந்தால்தானே வர. ஆகவே கடைசிப் பாரையும் அதற்குப் பிறகு வருகிற பழைய ஸவையும் மட்டும் ஒரு வாரம் வாசித்தேன். பிறகு ஏழாவது பாரிலிருந்து. பிறகு ஆறாவது. ஒவ்வொரு நாளும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போனேன். முதல் பாருக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. பேஸின் சத்தம் அறைக்கு வெளியே அவ்வளவாகக் கேட்காது. கடல் இரைச்சலும் கரையோர ரயிலும் மூடிவிடும். ஆனால் தரை அதிரும். வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, "தம்பி, நீர் அறைக்குள்ள மா இடிக்கிறீரோ?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் மனைவி திரும்பி வந்தாள். குண்டுப் பயம் குறைந்திருந்தது. ஒழுங்கையில் வீடுகள் திறக்கத் தொடங்கியிருந்தன. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அதுவரை நான் அவளை ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்த மனைவி மூலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதென்னப்பா இது? வயலினுக்குத் தாயோ?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டான்சுக்கோ? வெள்ளைக்காரர் கட்டிப்பிடிச்சு ஆடுற இடத்திலயோ?"

"ஓம்."

அவள் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினாள். கோபம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"டான்ஸ் கிடக்கட்டும். இவ்வளவு காலமும் நீங்கள் எனக்கு எழுதின கடிதமெல்லாம் 'சுகம், சாப்பிட்டன், இஞ்ச மழை' எண்டுதானே இருந்தது. நான் இவர் அங்க தனிய இருந்து வாடுறார் எண்டு கோயிலில நேர்த்தி வைச்சுக்கொண்டு இருந்தனான். இவர் இஞ்ச கூத்தாடிக்கொண்டு இருந்திருக்கிறார்."

மாமனார் வாசிப்பார் என்று சொன்னேன். "அவர் வாசிச்சா என்ன, உங்களைத் தின்னவோ போறார்?" என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் பேஸைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கந்தோரால் வந்தபோது, அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தந்தியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அதிர்கிற மரத்தில் உள்ளங்கையை வைத்திருந்தது.

"வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

அவள் வாய்ப்பாட்டு முறையாகப் படித்தவள். என்னைவிட நல்ல காது. நான் நடு எட்டை வாசித்து முடித்ததும், "இதுக்கு ஸ எது?" என்று கேட்டாள். நான் மாறிக்கொண்டிருக்கிறது என்றேன். "கிரகபேதம் மாதிரியோ?" அதுவும் இல்லை என்றேன், கிரகபேதத்தில் அதே சுரங்கள்தான், ஸ மட்டும் மாறும், இதில் சுரங்களும் சேர்ந்து மாறுகின்றன. "அப்ப ஏன் ஒரே பாட்டெண்டு சொல்லுறியள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

ஆனால் மெட்டை அவள் இரண்டு நாளில் பிடித்துவிட்டாள். வாசகம் தெரியாது, தானனா என்று பாடினாள். பாத்திரம் கழுவிக்கொண்டும் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டும் பாட, நான் கீழே வாசித்தேன். அவள் வாயில் கமகம் இல்லாமல் ஒரு சுரமும் நிற்காது. அதைவிட, அந்தப் பாட்டின் துண்டுக் கணக்கெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிடித்த வரியை மூன்று தரம் பாடுவாள். பிள்ளை அழுதால் நடுவில் விட்டுவிட்டு, தேற்றிவிட்டு வந்து நினைத்த இடத்தில் தொடங்குவாள். முதலில் அவளுக்குப் பின்னால் ஓடினேன். பிறகு ஓடாமல் என் எண்ணிக்கையிலேயே நின்றேன். அவள் எங்கே இருந்தாலும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

கன்ரீனுக்கு மறுபடி போனேன். விமானப்படைக்காரன் தலையசைத்தான். அந்தப் பாட்டு வந்தது, வாசித்தேன், தொலையவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சரியாக வாசிக்கிற பேஸை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

யூன் மாதம் கடும் மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது கன்ரீனில் கூரை ஒழுகிப் பியானோ நனைந்திருந்தது. மரம் ஊதி, பாதிக் கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. டீச்சர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிய கட்டைகளை நகத்தால் தூக்கிவிட்டாள். பிறகு மூடியைச் சாத்திவிட்டுச் சுவரோரக் கதிரையில் போய் இருந்தாள்.

"நீங்க மூண்டு பேரும் வாசிங்க. கோர்ட்டை அண்ணன்தான் சொல்லணும்" என்றாள்.

பியானோ இல்லாவிட்டால் கோர்ட்டைச் சொல்ல வேறு யாரும் இல்லை. என் ஒற்றைச் சுரத்தை வைத்துத்தான் மற்றவர்கள் எங்கே நிற்கிறோம் என்று அறியவேண்டும். முதல் ஆறேழு பாட்டும் சமாளித்தோம். பிறகு விமானப்படைக்காரன் அந்தப் பாட்டைச் சொன்னான். வழக்கத்தைவிட வேகமாகத் தொடங்கினான். அன்று அவன் முகம் சரியில்லை என்று நான் முதலே கவனித்திருந்தேன்.

இரண்டாவது சுற்றில் நடு எட்டில் ஏதோ நடந்தது. அவன் வாசித்ததும் நான் வாசித்ததும் ஒட்டவில்லை. பிழை என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவரை எப்போதும் என்னுடையதாகத்தான் இருந்தது. கூட்டாளியைப் பார்த்தேன். அவன் டிரம்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரைப் பார்த்தேன். அவள் மூடிய பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது பார். நான் ஐந்தாவது பாரில்தான் நின்றேன். அவன் ஏற்கனவே முதல் துண்டுக்குப் போய்விட்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் போனால் கேட்பவர்களுக்குத் தெரியாது. போகவேண்டும் என்று கையும் சொன்னது. நான் போகவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நடந்து, பழைய ஸவுக்கு வந்தபோது அந்தச் சுரத்தை மட்டும் நாலு எண்ணிக்கைக்கும் தந்தி அறுகிற மாதிரி இழுத்தேன். அவன் நிறுத்தினான். ஒரு பார் அளவுக்குக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு என்னோடு வந்து சேர்ந்தான். மூன்றாவது சுற்றின் நடு எட்டு வந்தபோது மேடையில் நாலடி நடந்து வந்து, பேஸுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு வாசித்தான்.

இடைவேளையில் எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தான்.

"நான் தொலைந்துவிட்டேன்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"ஏன் என்னோடு வரவில்லை?"

"நீ பிழையான இடத்தில் இருந்தாய்."

அவன் சிரித்தான். பிறகு, அன்று காலை உத்தரவு வந்திருக்கிறது, அடுத்த வாரம் பர்மாப் பக்கம் போகிறேன் என்றான். சக்ஸபோனைக் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றான். முன்பு மேடையில் என்னை விட்டுவிடச் சொன்னதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறுபடி வாசிக்கப் போனோம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. கூட்டாளி இரண்டு மூன்று விமானப்படைக்காரரிடம் விசாரித்தான். ஒருவருக்கும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து சிப்பாய்கள் போனதும் கன்ரீனை மூடிவிட்டார்கள். எங்களுக்குக் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் கலியாண வீடுகள்தான் மிஞ்சின. முதல் கலியாணத்தில் அந்தப் பாட்டை நாங்கள் வாசித்தபோது ஒரு சோடிகூட எழும்பவில்லை. மாப்பிள்ளையின் தமையன் மேடைக்கு வந்து, "பைலா அடியுங்க" என்றான். கலியாண வீடுகளில் எல்லாரும் துள்ளி ஆடுகிற பாட்டு அது. டீச்சர் திரும்பி, "அண்ணன், ரெண்டே ரெண்டு கோர்ட், பயப்படாதீங்க" என்றாள்.

இரண்டே கோர்ட்தான். ஆனால் அந்த ஆட்டத் தாளம் என் விரலுக்குள் வரவே இல்லை. நான் நடந்துகொண்டிருந்தேன், மற்றவர்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் முழுக்க எழும்பி ஆடியது. கூட்டாளி டிரம்ஸை அடித்தபடியே என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"மச்சான், இதையும் வெள்ளவத்தைக்குக் கொண்டு போய்ப் படிச்சிட்டு வா" என்றான்.

படித்தேன். அதற்கு மூன்று மாதம் எடுத்தது.